புத்தகத்தைப் பற்றி யாரிடம் சொல்வது?

ஒரு குழந்தை புத்தகத்தை மூடி வைத்ததும் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பது, "கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டியதில்லை. பொய் சொல்லக் கூடாது, ஒற்றுமையே பலம், பேராசை பெருநஷ்டம்: இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும், கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். குழந்தைகள் இதை மிகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு புத்தகத்தைப் பற்றி நம்மிடம் அவர்கள் சொல்வதெல்லாம் நமக்குப் பிடித்த விடைகளாகவே இருக்கும். படிக்கும்போது உண்மையில் என்ன தோன்றியது என்பது வெளியே வராமலே போய்விடும்.

சில ஆண்டுகளாக வார இறுதிகளில் குழந்தைகளோடு ஒரு வாசிப்பு வட்டம் நடத்திவருகிறேன். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள் வருகிறார்கள். படித்ததைப் பற்றிப் பேசுவதுதான் அங்கே வேலை. இத்தனை காலம் கேட்டதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. குழந்தை என்ன சொல்கிறது என்பதை, யாரிடம் சொல்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பெரியவரிடம் சொல்லும்போது அது தேர்வாகிவிடுகிறது. அந்தப் புத்தகத்தை இன்னும் படிக்காத இன்னொரு குழந்தையிடம் சொல்லும்போது அது பரிந்துரை ஆகிறது, சில சமயம் எச்சரிக்கை ஆகிறது. குரல்கூட மாறிவிடுகிறது.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் படித்து முடித்த கதையைப் பற்றி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நன்றாக இருந்தது அக்கா. நட்பைப் பற்றிய கதை." பக்கத்திலிருந்த பையன் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, "இதில் யாராவது செத்துப் போகிறார்களா?" என்று கேட்டான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரும் சாகவில்லை. ஆனால் நாய் காணாமல் போய்விடும். ரொம்ப நேரம் கிடைக்காது. அந்த இடத்தை ராத்திரியில் படிக்காதே, பகலில் படி. முதல் இரண்டு அத்தியாயம் மெதுவாகத்தான் போகும், அதற்காக விட்டுவிடாதே."

ஒரு நல்ல விமர்சகர் செய்யவேண்டிய அனைத்தும் இந்தப் பேச்சில் இருக்கிறது. எதிரே இருக்கும் வாசகனின் பயம் என்ன என்று புரிந்துகொண்டாள். கதை எங்கே தளர்கிறது, எங்கே இறுகுகிறது என்று சொன்னாள். நாய் கிடைத்ததா இல்லையா என்பதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். "நட்பைப் பற்றிய கதை" என்ற வாசகத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே உட்காரும் முறையிலிருந்தே மாற்றம் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். பேசும் குழந்தை என் முகத்தைப் பார்க்க முடியாதபடி நான் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். எதிரே, அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர்கள். பெரியவரின் முகம் கண்ணில் பட்டால் குழந்தை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒப்புதல் தேடும். பேச்சு முடிந்ததும் நான் கேட்பது, "யார் இதை எடுத்துப் போகிறீர்கள்?" என்பது மட்டும்தான். சில நாள் மூன்று பேர் கை நீட்டுவார்கள். சில நாள் ஒருவரும் நீட்டமாட்டார்கள். நீட்டாவிட்டால் நான் சமாதானம் சொல்வதில்லை. தன் சொல்லுக்கு விளைவு உண்டு என்பதை அந்தக் குழந்தை நேரில் பார்க்கிறது. அடுத்த முறை எதை முதலில் சொல்வது, எதை மறைப்பது என்று அதுவே யோசித்துக்கொண்டு வருகிறது.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நூலகர்கள் அதற்காக அடுக்குகளைத் திறந்துவைத்தார்கள், பட்டியல்கள் தயாரித்தார்கள். குழந்தைகள் நடுவே அந்த வேலையை ஒரே வாக்கியம் செய்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அட்டை மங்கி, யாரும் தொடாமல் கிடந்த ஒரு கதைத் தொகுப்பை ஒரு பையன், "இதில் நான்காவது கதை மட்டும் பயங்கரம், மற்றதெல்லாம் சும்மா" என்று அறிவித்தான். பிறகு பல வாரங்களுக்கு அது அடுக்குக்குத் திரும்பவே இல்லை.

ஒரு சிறுவனின் கருத்துக்குப் பெரியவர்கள் உண்மையாகவே எடை கொடுத்த நிகழ்ச்சி பதிப்பு வரலாற்றில் இருக்கிறது. 1936 இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், ஜே. ஆர். ஆர். டோல்கினின் 'தி ஹாபிட்' தட்டச்சுப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். சிறுவர் நூலை மதிப்பிடத் தகுந்தவர்கள் சிறுவர்களே என்பது அவர் நம்பிக்கை. கூலி ஒரு ஷில்லிங். ரேனர் எழுதிக் கொடுத்த குறிப்பு மிகச் சிறியது. கதையைச் சுருக்கிச் சொல்லியிருந்தான். வரைபடங்கள் இருப்பதால் சித்திரங்கள் தேவையில்லை என்றும், ஐந்திலிருந்து ஒன்பது வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும் என்றும் எழுதியிருந்தான். மறு ஆண்டு புத்தகம் வெளிவந்தது.

அந்தக் குறிப்பில் என்னைக் கவர்ந்தது வயதுக் கணக்கு. பத்து வயதுச் சிறுவன் தன்னைவிடச் சின்னவர்களை மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறான். எங்கள் வட்டத்திலும் இது இயல்பாகவே நடக்கிறது: "எனக்கு இது சின்னப் பிள்ளைப் புத்தகம். ஆனால் என் தம்பிக்குக் கொடுத்தால் விடமாட்டான்." "இது யாருக்குப் பிடிக்கும்?" என்ற கேள்வியை அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சப்படும் குழந்தைக்கு இந்தக் கேள்வி வழி திறந்துவிடுகிறது. தன் ரசனை வேறு, புத்தகத்தின் தகுதி வேறு என்று பிரித்துப் பார்க்கும் பக்குவமும் இதிலேயே வந்துவிடுகிறது. பெரியவர்கள் பலரிடம் இந்தப் பக்குவத்தை நான் பார்த்ததில்லை.

ஆறேழு வயதுக் குழந்தைகளிடம் கருத்துக் கேட்டால் முழுக் கதையும் வரும். "அப்புறம் அந்தக் கரடி வந்தது, அப்புறம் அவன் ஓடினான், அப்புறம்..." என்று நீளும். பெற்றோர் சிலர் குறுக்கிட்டு, "கதையைச் சொல்லாதே, கருத்தைச் சொல்" என்பார்கள். வேண்டாம். நீண்ட கதையை வரிசை பிசகாமல் நினைவில் வைத்துச் சொல்வது அந்த வயதில் பெரிய காரியம். எந்த இடத்தில் நிதானிக்கிறது, எதை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது என்று கவனித்தால் கருத்து அதிலேயே தெரிந்துவிடும். மற்றபடி, "முடிவைச் சொல்லாதே, நான் படிக்கப் போகிறேன்!" என்று இன்னொரு குழந்தை கத்தினால் அது பத்துப் பெரியவர்களின் அறிவுரைக்குச் சமம்.

"நன்றாக இருந்தது" என்பதோடு நின்றுவிடும் குழந்தையிடம் "எப்படி நன்றாக இருந்தது?" என்று துருவுவதில் பயனில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்து, "பிடித்த பக்கத்தைத் திறந்து காட்டு" என்று சொல்கிறேன். சொல் வராத குழந்தைக்கும் விரல் வரும். ஒருமுறை ஒரு சின்னப் பெண் திறந்து காட்டிய பக்கத்தில் கதையின் முக்கிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு நத்தையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு முந்தைய பக்கத்தைத் திருப்பினாள், அங்கேயும் நத்தை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்த நத்தை ஒரு செடியில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது. நான் பலமுறை வாசித்துக் காட்டிய புத்தகம் அது. நான் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் ஓவியர் தனக்காக வைத்த இன்னொரு கதையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது அடுத்த பாடம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது குழந்தைகளின் விடைகள் நீண்டன, "தெரியவில்லை" என்பது குறைந்தது, பேசாதவர்களும் பேசத் தொடங்கினார்கள். குழந்தை பேசி நிறுத்திய பிறகும் அதேபோல் காத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் உதவியது. முதல் வாக்கியம் பெரும்பாலும் பாதுகாப்பான வாக்கியம். நாம் "சபாஷ்" என்று உடனே பாய்ந்து முடித்துவிடாமல் சும்மா இருந்தால் இரண்டாவது வாக்கியம் வரும். மனத்தில் இருப்பது அதில்தான் வரும்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஏய்டன் சேம்பர்ஸ், குழந்தைகளோடு புத்தகம் பேசுவது குறித்து 1993 இல் வெளியிட்ட 'டெல் மி' என்ற நூலில் நான்கு அடிப்படைக் கேள்விகளை வைக்கிறார்: என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, எது குழப்பியது, எது திரும்பத் திரும்ப வந்தது. "ஏன்" என்ற கேள்வியைத் தவிர்க்கச் சொல்கிறார், ஏனென்றால் அது விசாரணை போல ஒலிக்கிறது. "சொல்லேன்" என்று தொடங்கினால் போதும். நான்கையும் பயன்படுத்திப் பார்த்ததில் முதல் இரண்டும் விரைவில் வற்றிவிடுகின்றன. மூன்றாவதுதான் ஊற்று. பிடித்தது, பிடிக்காததைச் சொல்லக் குழந்தைக்குத் துணிச்சல் வேண்டும். குழப்பத்தைச் சொல்ல ஆர்வம் மட்டும் போதும். "எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, அந்தத் தாத்தாவுக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை?" என்று ஒருவன் கேட்டான். எனக்கும் தெரியவில்லை என்றேன், உண்மையாகவே தெரியவில்லை. எல்லாரும் பக்கங்களைப் புரட்டினார்கள். தாத்தாவின் பெயர் கிடைக்கவில்லை. அவர் வரும் இடங்களிலெல்லாம் மழை பெய்கிறது என்பது கிடைத்தது. குழப்பம் என்ற மூன்றாவது கேள்வி தானாகவே நான்காவதுக்குக் கொண்டுபோய்விட்டது.

நமக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்பது எவ்வளவு நல்லது என்று அன்று கண்ணால் பார்த்தேன். விடையை வைத்துக்கொண்டு கேட்கிறோமா, தெரியாமல் கேட்கிறோமா என்பது குழந்தைகளுக்கு நம் குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

கருத்து வேறுபாடு வரும்போது எல்லாரும் பெரியவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். காட்டுக்குப் போய்த் திரும்பி வரும் ஒரு சிறுமியின் கதையைப் பற்றி இரண்டு பேருக்குள் சூடான வாதம். "அவள் மறுபடியும் காட்டுக்குப் போவாள்" என்கிறாள் ஒருத்தி. "போகமாட்டாள், அம்மா அழுதாளே" என்கிறான் இவன். யார் சொல்வது சரி என்று நான் சொல்லவில்லை. "புத்தகத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றேன். அவள் கடைசிப் படத்தைத் திறந்து, "ஜன்னல் திறந்திருக்கிறது பாருங்கள், அவள் போவதற்குத்தான்" என்றாள். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "புழுக்கமாக இருந்திருக்கும், அதனால் திறந்து வைத்திருக்கிறாள். போர்வைகூடப் போர்த்தவில்லையே" என்றான். இரண்டு பேருமே சான்றோடு பேசுகிறார்கள். கருத்து என்றால் தோன்றியதைச் சொல்வது மட்டுமல்ல, தோன்றியதற்கு அடையாளம் காட்டுவதும்தான் என்று அவர்கள் கற்றுக்கொள்ளும் இடம் இது. நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அந்த ஜன்னலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கதைப் புத்தகத்தை மட்டும் புத்தகமாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டைனோசர், ரயில், விண்வெளி, சித்திரக்கதை, விடுகதைத் தொகுப்பு என்று படிக்கும் குழந்தைகளின் கருத்தை யாரும் கேட்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மிகக் கூர்மையான விமர்சனங்களை அவர்களிடம்தான் கேட்டிருக்கிறேன். ஒரு பையன் விண்வெளிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதை நம்பாதீர்கள். புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று போட்டிருக்கிறது" என்றான். 2006 இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது அவனுக்குத் தெரிந்திருந்தது. உடனே இன்னொருத்தி, "புத்தகம் எந்த வருஷம் அச்சடித்தது என்று பார்" என்றாள். பார்த்தால் 2006 க்கு முந்தையது. "அப்படியென்றால் அவர்கள் பொய் சொல்லவில்லை, பழைய புத்தகம்" என்று அவனே தன் கருத்தைத் திருத்திக்கொண்டான். பதிப்பாண்டைப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து வட்டம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. நான் பாடமாக நடத்தியிருந்தால் தொற்றியிருக்காது.

பேச்சிலும் எழுத்திலும் வராத கருத்துகளும் உண்டு. 1989 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13 ஆம் பிரிவு, குழந்தை தன் எண்ணத்தைப் பேச்சாகவோ எழுத்தாகவோ அச்சாகவோ கலை வடிவிலோ தான் விரும்பும் வேறு வழியிலோ வெளிப்படுத்தலாம் என்று சொல்கிறது. மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒரு பையன், தான் படித்த கதையின் அரக்கனை வரைந்து கொடுத்தான். புத்தகத்தில் இருந்த அரக்கன் மிகப் பெரியவன். இவன் வரைந்தது ஒரு பெரிய வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன அரக்கன். அதைச் சுவரில் ஒட்டியதும் மற்றவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, "அவன் நல்லவனா?" என்று கேட்டார்கள். அவன் தலையாட்டினான்.

எழுத வைப்பது பற்றிச் சில சொற்கள். மதிப்புரை என்ற சொல்லைக் கேட்டாலே குழந்தைகள் அரைப் பக்கத்தை நிரப்பும் கவலையில் மூழ்கிவிடுகிறார்கள். நாங்கள் புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டிவைக்கிறோம். படித்தவர் அடுத்துப் படிக்கப் போகிறவருக்கு இரண்டு வரி எழுத வேண்டும். "பக்கம் 40 இல் கொஞ்சம் பொறுத்துக்கொள்", "கிளி சொல்வதை நம்பாதே", "மேலே எழுதியவர் சொன்னது தப்பு, முடிவு சூப்பர்". இப்படி ஒருவர் கீழ் ஒருவராக வரிகள் சேர்ந்து உரையாடலாகிவிடும். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவதில்லை. "இது என்ன எழுத்து, படிக்க முடியவில்லையே" என்று அடுத்த வாசகர் வந்து கேட்டால் எழுதியவரே ஓடிவந்து திருத்துகிறார்.

பரிசு, நட்சத்திரம், அதிகம் படித்தவர் பட்டியல் எதுவும் கிடையாது. 1973 இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு நன்கு அறியப்பட்டது. படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைக்கப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்துவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கும், பரிசே பெறாதவர்களுக்கும் அப்படி ஆகவில்லை. அந்த ஆய்வு வரைவதைப் பற்றியது. வாசிப்புக்கும் அது பொருந்தும் என்பது என் நம்பிக்கை. நட்சத்திரத்துக்காகச் சொல்லப்படும் கருத்து நட்சத்திரத்தைப் பார்த்தே பேசும்.

பேச விரும்பாத குழந்தையை விட்டுவிடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992 இல் எழுதிய நூலில் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிடுகிறார். பக்கங்களைத் தாண்டும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை, திரும்பப் படிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பத்தாவது, படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை. மிகவும் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசவே மறுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதைப் பொதுவில் வைக்க அவர்களுக்கு மனமில்லை. பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கேட்பேன்: "எந்த இடத்தில் விட்டாய்?" என்று. அந்தப் பதில் ஒரு முழு விமர்சனத்துக்குச் சமமாக இருப்பதுண்டு. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்களிடம், "இந்த முறை புதிதாக என்ன கண்ணில் பட்டது?" என்று கேட்கலாம். வேறு புத்தகம் எடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பெரியவரும் படிக்க வேண்டும், தன் கருத்தையும் சொல்ல வேண்டும், ஆனால் கடைசியில். நான் முதலில் வாய் திறந்தால் மீதி எல்லாரும் என் கருத்தையே வேறு வேறு சொற்களில் சொல்வார்கள். என் முறை வரும்போது நானும் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். அவர்கள் என்னை எதிர்த்துப் பேசும் நாள்கள் எனக்குப் பிடித்த நாள்கள்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு: ஐந்தாறு குழந்தைகள் போதும், எட்டுப் பேருக்கு மேல் போனால் பேசத் தெரிந்தவர்கள் மட்டுமே பேசுவார்கள். வயது கலந்திருக்கட்டும். எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதும், ஆளுக்கொரு புத்தகம் படிப்பதும் மாறி மாறி நடக்கட்டும், ஏனென்றால் முதலாவதில் வாதமும் இரண்டாவதில் பரிந்துரையும் வளரும். புத்தகங்கள் நடுவில், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பேச்சு நடுவே பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாவிட்டால் சான்று தேடும் பழக்கம் வராது. முக்கால் மணி நேரம் போதுமானது. குழந்தைகள் சொன்னதை இணையத்தில் பகிர விரும்பினால் முதலில் அவர்களிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள், முழுப் பெயரும் பள்ளியும் முகமும் வேண்டாம், அவர்கள் சொற்களை அழகுபடுத்தவும் வேண்டாம். முதல் நாள் ஒருவரும் பேசாவிட்டால், நீங்கள் ஒரு புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துவிட்டு, நல்ல இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த வாரத்துக்குள் யாராவது ஒருவர் மீதியைப் படித்திருப்பார், அவரிடம் கேட்க மற்றவர்களுக்குக் கேள்விகள் இருக்கும்.